நால்வர் கேட்கும் டிரான்சிஸ்டர் பெருக்கி

ஒலியைப் பெருக்குவது வேறு. ஒலியைத் தெளிவாகக் கேட்கச் செய்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனால் பள்ளிகளில் பணமும் விரயமாகிறது. சில வேளைகளில் பிள்ளைகளின் செவியும் கெடுகிறது. ஓர் ஆசிரியர் தம் வீட்டு மேசைமீதே, இரண்டு டிரான்சிஸ்டர்களையும் சில சில்லறைப் பொருள்களையும் கொண்டு அமைக்கக்கூடிய ஒரு சிறு பெருக்கியை இப்பாடம் விளக்குகிறது. ஒரு செல்போனிலிருந்தோ வானொலிப் பெட்டியிலிருந்தோ வரும் பாடத்தை நான்கு மாணவர்கள் ஒரே சமயத்தில் ஹெட்போன் வழியாகக் கேட்பதற்கு இது உதவும்.

தேவை எங்கே எழுகிறது?

மும்பை மாநகரின் கிழக்குப் புறநகர்களுள் ஒன்றான விக்ரோலியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இலட்சக்கணக்கான வாக்குப்பெட்டிகளை 1951-52ஆம் ஆண்டு முதற் பொதுத் தேர்தலுக்காகச் செய்தளித்த கோத்ரெஜ் ஆலை இங்கேதான் உள்ளது. ஊரின் நடுவே மத்திய ரயில்வேயின் இருப்புப்பாதை செல்கிறது. அதற்கு மேற்கே லால் பகதூர் சாஸ்திரி மார்க்கும், கிழக்கே கிழக்கு விரைவு நெடுஞ்சாலையும், அதற்கும் அப்பால் தாணே கழிமுகத்தின் அலையாத்திக் காடுகளும் உள்ளன. ரயிலும் லாரியும் ஓயாது செல்லும் இத்தகைய இடத்தில், ஒரு செல்போனின் சிறு ஒலிபெருக்கியிலிருந்து வரும் பாடம் வகுப்பறையின் மூன்றாவது வரிசைக்குக்கூடச் சென்று சேராது. தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்திவரும் மும்பை மாநகராட்சியின் வகுப்பறைகளாயினும், தாராவியிலோ செம்பூரிலோ மாலை வேளைகளில் நடைபெறும் தனிப் பயிற்சிக் கூடங்களாயினும் இந்நிலை பொதுவானதே.

பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியை வைப்பது ஒரு வழி. ஆனால் அது அடுத்த வகுப்பின் இரைச்சலாக மாறிவிடுகிறது. ஹெட்போன் மற்றொரு வழி. எனினும் செல்போனின் வெளியீடு ஒரே ஒரு ஹெட்போனை இயக்குவதற்கென அமைந்தது. சாதாரண ஹெட்போனின் ஒவ்வொரு காதுப்பகுதியும் 32 ஓம் மின்தடை உடையது எனக் கொள்வோம். கடையில் கிடைக்கும் பிரிப்பானைக்கொண்டு நான்கு ஹெட்போன்களைப் பக்கவாட்டில் இணைத்தால், ஒவ்வொரு பக்கத்திலும் அது 8 ஓமாகக் குறைந்துவிடும். அதற்கு வேண்டிய மின்னோட்டத்தைச் செல்போன் தர இயலாமையால் ஒலி மெலிந்தும் கரகரத்தும் கேட்கிறது. ஆகவே நமக்கு முதன்மையாகத் தேவைப்படுவது மின்னழுத்தப் பெருக்கம் அன்று, மின்னோட்டப் பெருக்கமே.

டிரான்சிஸ்டர் செய்யும் வேலை

மும்பையின் கொலாபாவிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960ஆம் ஆண்டு செயற்பாட்டுக்கு வந்த ‘டிஃப்ராக்’ என்னும் கணிப்பொறி, ஆயிரக்கணக்கான வெற்றிடக் குழாய்களைக்கொண்டு இயங்கியது. வெற்றிடக் குழாய்க்கு உள்ளிழை சூடாக வேண்டும். பொதுவாக நூறு வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தமும் வேண்டும். எனவே அக்காலத்தில் பெருக்கி அமைப்பது பிள்ளைகள் கைவைக்கத் தகுந்த வேலையாக இருக்கவில்லை. 1947ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டைன் ஆகியோர் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். அவர்களுக்கும், சந்தி டிரான்சிஸ்டரின் கொள்கையை வகுத்த ஷாக்லிக்கும் 1956இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதற்கும் முன்னரே, ஈயக் கனிமமாகிய கலீனாவின் படிகத்தைக்கொண்டு மின்காந்த அலைகளைக் கண்டறியும் கருவிக்காக நம் ஜகதீச சந்திர போஸ் 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பதை மாணவர்களுக்கு எடுத்துக் கூறலாம். குறைகடத்திப் பொருளைப் பயன்கொண்ட கருவிகளுள் அது முற்பட்டது.

டிரான்சிஸ்டரின் வருகையால் 9 வோல்ட் பேட்டரியே போதுமானதாயிற்று. வீட்டில் பெருக்கி அமைப்பதை அபாயமற்ற கல்வியாக மாற்றியது இம்மாற்றமே.

டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்கள் உண்டு. அவை உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் எனப்படும். கடைக்காரர்கள் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்பர். அடிவாய் வழியாக ஒரு சிறு மின்னோட்டம் செல்லும்பொழுது, ஏற்பானிலிருந்து உமிழ்ப்பானுக்கு அதைப்போல் நூறு மடங்கோ இருநூறு மடங்கோ மின்னோட்டம் செல்கிறது. வாய்க்கால் மதகைச் சிறிதளவே உயர்த்தினாலும் பெருநீர் பாய்வது போன்றது இது. மதகு நீரை உண்டாக்குவதில்லை. ஏரியில் உள்ள நீரையே விடுகிறது. அவ்வாறே டிரான்சிஸ்டரும் ஆற்றலை உண்டாக்குவதில்லை. பேட்டரியின் ஆற்றலைச் சைகைக்கேற்ப விடுகிறது.

இங்கு ஒரு முக்கியமான செய்தியைக் கவனித்தல் வேண்டும். சிலிக்கன் டிரான்சிஸ்டரின் அடிவாய், உமிழ்ப்பானைவிட ஏறத்தாழ 0.65 வோல்ட் உயர்ந்திருந்தாலன்றி அது மின்னோட்டத்தைக் கடத்தாது. ஒலிச்சைகையோ மேலும் கீழுமாக மாறி மாறி அசைவது. மதகு முற்றிலும் மூடிக் கிடந்தால் கீழ்நோக்கிய அசைவு அதற்குத் தெரியாது. ஆகவே சைகை வருவதற்கு முன்பே மதகைப் பாதியளவு திறந்து வைத்தல் அவசியமாகிறது. சைகையற்ற வேளையில் டிரான்சிஸ்டரில் ஓடும் இந்த மின்னோட்டத்தை ஓய்வு மின்னோட்டம் என்கிறோம். பெருக்கியின் நன்மையும் தீமையும் பெரும்பாலும் இவ்வோய்வு நிலையைப் பொறுத்தவையே. காதில் வைத்துக் கேட்பதற்கு முன் மீட்டரில் அளந்து பார்க்க வேண்டும் என்று இப்பாடம் வலியுறுத்துவது இதனாலேயே.

வேண்டிய பொருள்கள்

விக்ரோலியில் இருப்போர் தாதரில் இறங்கி, மேற்கு ரயில்வேக்கு மாறி, கிராண்ட் ரோடு நிலையத்துக்குச் சென்றால், லாமிங்டன் ரோடு என மக்கள் வழங்கும் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க்கில் இப்பொருள்கள் அனைத்தும் கிடைக்கும். சென்னை வாசகர்களுக்கு ரிச்சி தெரு உள்ளது.

1. டிரான்சிஸ்டர்கள்: பி.சி.547 ஒன்று; பி.டி.139 ஒன்று. பின்னதில் எண்ணின் இறுதியில் 16 என்ற குறி உள்ளதை வாங்குவது நன்று.
2. கால் வாட் மின்தடைகள்: 22 கிலோ ஓம் ஒன்று (சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு), 4.7 கிலோ ஓம் ஒன்று (மஞ்சள், ஊதா, சிவப்பு). 1 கிலோ ஓம் நான்கு (பழுப்பு, கறுப்பு, சிவப்பு). 220 ஓம் ஒன்று (சிவப்பு, சிவப்பு, பழுப்பு). 33 ஓம் நான்கு (ஆரஞ்சு, ஆரஞ்சு, கறுப்பு).
3. அரை வாட் அல்லது ஒரு வாட் மின்தடை: 100 ஓம் ஒன்று (பழுப்பு, கறுப்பு, பழுப்பு).
4. மின்பகு மின்தேக்கிகள், 16 வோல்ட் அல்லது அதற்கு மேல்: 10, 220, 470 மைக்ரோஃபாரட், ஒவ்வொன்று.
5. 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல் ஒன்று.
6. 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ சாக்கெட்டுகள் ஐந்து, ஸ்விட்ச் ஒன்று.
7. ஆறு பென்சில் செல்களும், அவற்றைத் தொடராக வைக்கும் கூடும்.
8. துளையிட்ட செப்புப் பலகை (கடைகளில் ‘ஜீரோ பிசிபி’ என்பர்), 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், மல்டிமீட்டர்.

தற்காலச் செல்போன்கள் பலவற்றில் ஹெட்போன் துளை இல்லை. அத்தகையவற்றுக்கு டைப்-சி மாற்றி ஒன்று தேவைப்படும்.

இணைக்கும் முறை

பேட்டரியின் எதிர்முனையிலிருந்து வரும் கம்பியைப் பொதுக்கம்பி என்றும், நேர்முனையிலிருந்து ஸ்விட்ச் வழியாக வரும் கம்பியை மேற்கம்பி என்றும் அழைப்போம். இவ்விரண்டையும் பலகையின் இரு ஓரங்களில் நீளமாக அமைத்துக்கொண்டால் வேலை எளிதாகும்.

முதலாவதாக, 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை மேற்கம்பிக்கும் பொதுக்கம்பிக்கும் இடையே இணைக்க. அதன் நேர்முனை மேற்கம்பியில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, பி.சி.547இன் அடிவாயை 22 கிலோ ஓம் வழியாக மேற்கம்பியோடும், 4.7 கிலோ ஓம் வழியாகப் பொதுக்கம்பியோடும் இணைக்க. அதன் ஏற்பானை 1 கிலோ ஓம் வழியாக மேற்கம்பியோடும், உமிழ்ப்பானை 220 ஓம் வழியாகப் பொதுக்கம்பியோடும் இணைக்க.

மூன்றாவதாக, பி.சி.547இன் ஏற்பானை நேரடியாகப் பி.டி.139இன் அடிவாயோடு சேர்க்க. பி.டி.139இன் ஏற்பான் நேரே மேற்கம்பிக்குச் செல்லும். அதன் உமிழ்ப்பான் அரை வாட் 100 ஓம் வழியாகப் பொதுக்கம்பிக்குச் செல்லும்.

நான்காவதாக, 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கியின் நேர்முனையைப் பி.டி.139இன் உமிழ்ப்பானில் இணைக்க. அதன் எதிர்முனையிலிருந்து வெளியீட்டுக் கம்பி தொடங்குகிறது. இக்கம்பிக்கும் பொதுக்கம்பிக்கும் இடையே ஒரு 1 கிலோ ஓம் இணைக்க. பின்னர் வெளியீட்டுக் கம்பியிலிருந்து நான்கு 33 ஓம் மின்தடைகள் நான்கு சாக்கெட்டுகளுக்குத் தனித்தனியே செல்லும். ஒவ்வொரு சாக்கெட்டிலும் இடது, வலது முனைகளை ஒன்றாகச் சேர்த்து இம்மின்தடையோடு இணைக்க. மூன்றாவது முனை பொதுக்கம்பிக்குச் செல்லும்.

ஐந்தாவதாக, உள்ளீட்டுச் சாக்கெட்டின் இடது, வலது முனைகளிலிருந்து இரண்டு 1 கிலோ ஓம் மின்தடைகள் தனித்தனியே புறப்பட்டு, வால்யூம் கண்ட்ரோலின் மேல்முனையில் சேரும். அதன் கீழ்முனை பொதுக்கம்பிக்கும், நடுமுனை 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியின் எதிர்முனைக்கும் செல்லும். மின்தேக்கியின் நேர்முனை பி.சி.547இன் அடிவாயைச் சேரும். உள்ளீட்டுச் சாக்கெட்டின் மூன்றாவது முனையும் பொதுக்கம்பிக்கே செல்லும்.

கால்களை அறியும் முறை: பி.சி.547இன் தட்டையான முகம் நம்மை நோக்க, கால்கள் கீழ்நோக்க வைத்தால், இடமிருந்து வலமாக ஏற்பான், அடிவாய், உமிழ்ப்பான் என வரும். பி.டி.139இன் எழுத்துள்ள முகம் நம்மை நோக்க வைத்தால், இடமிருந்து வலமாக உமிழ்ப்பான், ஏற்பான், அடிவாய் என வரும். ஐயம் எழுந்தால் மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையை ஒரு காலிலும் கறுப்பு முனையை மற்ற இரண்டிலும் மாறி மாறி வைத்துப் பார்க்க. எந்தக் காலில் சிவப்பு முனை இருக்கும்பொழுது இரு புறமும் 0.6 முதல் 0.7 வரை காட்டுகிறதோ, அதுவே அடிவாய்.

ஒவ்வொரு உறுப்பும் ஏன்?

உறுப்பின் காரணத்தை அறியாது இணைப்பது, பொருள் அறியாது மனனம் செய்வதற்கு ஒப்பாகும். ஆகவே ஒவ்வொன்றையும் ஆராய்வோம்.

22, 4.7 கிலோ ஓம் ஆகிய இரண்டும் 9 வோல்ட்டைப் பங்கிடுகின்றன. 9ஐ 4.7ஆல் பெருக்கி, 26.7ஆல் வகுத்தால் 1.58 வோல்ட் கிடைக்கிறது. அடிவாய் எடுக்கும் சிறு மின்னோட்டத்தால் இது சுமார் 1.5 வோல்ட்டாகக் குறையும். இதிலிருந்து 0.65ஐக் கழித்தால் உமிழ்ப்பானில் 0.85 வோல்ட் நிற்கும். 220 ஓம் வழியாக 0.85 வோல்ட் செலுத்தும் மின்னோட்டம் ஏறத்தாழ 3.9 மில்லி ஆம்பியர். அதே மின்னோட்டமே ஏற்பானிலுள்ள 1 கிலோ ஓம் வழியாகவும் செல்வதால், அங்கே ஏறத்தாழ 4 வோல்ட் இழக்கப்படுகிறது. இரண்டாவது டிரான்சிஸ்டரின் அடிவாய் எடுப்பதையும் சேர்த்தால், ஏற்பானில் எஞ்சி நிற்பது 4.7 வோல்ட் அளவாகும். அது பேட்டரி அழுத்தத்தின் பாதி. மதகு பாதி திறந்திருக்கிறது என்பதன் அடையாளம்.

உமிழ்ப்பானிலுள்ள 220 ஓம் எதற்கு? டிரான்சிஸ்டர் சூடாகும்பொழுது, அதே மின்னோட்டத்துக்கு வேண்டிய அடிவாய் மின்னழுத்தம் ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைகிறது. காலைக் குளிர்ச்சிக்கும் கோடைப் பகலில் மூடிய பெட்டிக்குள் எழும் வெப்பத்துக்கும் 20 பாகை வேறுபாடு எனின், மாற்றம் 40 மில்லிவோல்ட். உமிழ்ப்பான் மின்தடை இல்லாது, அடிவாய் அழுத்தமும் மாறாதிருந்தால், இச்சிறு மாற்றமே மின்னோட்டத்தை நான்கு மடங்குக்கு மேல் உயர்த்திவிடும். 220 ஓம் இருக்கும்பொழுதோ, 0.85 வோல்ட்டில் 40 மில்லிவோல்ட் என்பது நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் குறைவான மாற்றமே. மின்னோட்டம் ஏறினால் உமிழ்ப்பான் அழுத்தமும் ஏறி, மின்னோட்டத்தைத் தானே தணித்துவிடுகிறது. பெருக்கத்தில் சிறிது விட்டுக்கொடுத்து நிலைத்தன்மையைப் பெறுகிறோம். 1 கிலோ ஓமுக்கும் 220 ஓமுக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கம் நான்கு மடங்கு அளவில் நிற்கிறது. நான்கு ஹெட்போன்களும் இணைந்த நிலையில் அது இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகக் குறையும். நம் தேவைக்கு அதுவே போதும்.

இரண்டாவது டிரான்சிஸ்டர் மின்னழுத்தத்தைப் பெருக்குவதே இல்லை. அடிவாயில் வரும் அசைவை அப்படியே உமிழ்ப்பானில் பின்தொடர்கிறது. ஆனால் மிகுந்த மின்னோட்டத்தோடு பின்தொடர்கிறது. அதன் உமிழ்ப்பானில் சுமார் 4.1 வோல்ட் நிற்பதால், 100 ஓம் வழியாக 41 மில்லி ஆம்பியர் எப்பொழுதும் ஓடுகிறது. அம்மின்தடையில் செலவாகும் திறன் 0.17 வாட்; ஆகையினாலேயே அங்குக் கால் வாட் மின்தடையைத் தவிர்த்து அரை வாட்டைக் குறித்தோம். சைகை இல்லாதபொழுதும் மின்சாரம் செலவாவது இவ்வமைப்பின் குறை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி வேலை செய்யும் அமைப்புகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில் தோன்றும் சிதைவு இதில் இல்லை. பேச்சின் மெல்லிய ஒலிகள் கெடாது வருகின்றன.

470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 4.1 வோல்ட் நேர்மின்னோட்டத்தைத் தடுத்து ஒலிச்சைகையை மட்டும் விடுகிறது. நான்கு 33 ஓம் மின்தடைகளுக்கு இரு பயன்கள் உண்டு. ஒரு பிளக்கைச் செருகும்பொழுது நொடிப்பொழுது முனைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டாலும் மற்ற மூவருக்கும் பாடம் அறுபடாது. ஹெட்போனுக்குச் செல்லும் திறனும் மட்டுப்படுகிறது. உள்ளீட்டிலுள்ள இரண்டு 1 கிலோ ஓம் மின்தடைகள், செல்போனின் இடது, வலது வெளியீடுகள் ஒன்றையொன்று நேரே மோதாவண்ணம் காக்கின்றன.

கேட்பதற்கு முன் அளத்தல்

ஹெட்போன் எதையும் செருகாமல், வால்யூமைக் குறைத்து வைத்து, ஸ்விட்சைப் போடுக. மல்டிமீட்டரின் கறுப்பு முனை பொதுக்கம்பியில் இருக்கட்டும். புதிய செல்களோடு பின்வரும் அளவுகள் வருதல் வேண்டும்:

பி.சி.547 அடிவாய்: 1.4 முதல் 1.6 வோல்ட்.
பி.சி.547 உமிழ்ப்பான்: 0.8 முதல் 0.95 வோல்ட்.
பி.சி.547 ஏற்பான்: 4.4 முதல் 5.1 வோல்ட்.
பி.டி.139 உமிழ்ப்பான்: 3.7 முதல் 4.4 வோல்ட்.
வெளியீட்டுக் கம்பி: சில நொடிகளுக்குப் பின் 0 வோல்ட்.
பேட்டரியிலிருந்து வரும் மொத்த மின்னோட்டம்: 40 முதல் 50 மில்லி ஆம்பியர்.

ஏற்பானில் ஏறத்தாழ 9 வோல்ட் காட்டி, 100 ஓம் மின்தடை தொட முடியாதபடி சுடுமானால், முதல் டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தைக் கடத்தவில்லை என்பது பொருள். உடனே ஸ்விட்சை அணைத்து, 22 கிலோ ஓமின் இணைப்பையும் டிரான்சிஸ்டரின் கால்களையும் சரிபார்க்க. ஏற்பானில் 2 வோல்ட்டுக்கும் கீழே காட்டினால் 4.7 கிலோ ஓம் விட்டுப்போயிருக்கக்கூடும். எல்லா அளவுகளும் சரியாயிருந்தும் ஒலி வரவில்லையெனில், குற்றம் மின்தேக்கிகளிலோ வால்யூம் கண்ட்ரோலிலோ சாக்கெட்டுகளிலோ இருக்கும். ஒரு ஹெட்போனில் தெளிவாகவும் நான்கிலும் கரகரப்பாகவும் கேட்டால், 41 மில்லி ஆம்பியரின் எல்லையைத் தாண்டுகிறோம் என்று அறிந்து வால்யூமைக் குறைக்க. இவ்வாறு அளவுகளிலிருந்து குற்றத்தை ஊகித்தறிவது மாணவர்களுக்குச் சிறந்ததொரு தர்க்கப் பயிற்சியாகும்.

செவியின் காப்பு

ஒரு மில்லிவாட் திறனுக்கு ஏறத்தாழ 100 டெசிபெல் ஒலி தரும் ஹெட்போன்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. நம் பெருக்கி நான்கு ஹெட்போன்களை இயக்கும்பொழுது, ஒவ்வொரு காதுக்கும் மிகுதியாக ஒரு மில்லிவாட்டில் மூன்றில் ஒரு பங்கு திறனே தரும். ஆயினும் அது 95 டெசிபெல் ஆகிறது. ஒரே ஹெட்போன் இருக்குமாயின் 100 டெசிபெல்லைத் தாண்டவும் கூடும். இச்சிறு பெட்டி செவிக்குத் தீங்கு செய்யவல்லது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்துள்ள வரையறையின்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் அளவிலும், சிறுவர்கள் அதே நேரம் 75 டெசிபெல் அளவிலும் கேட்கலாம். ஒலி 3 டெசிபெல் உயருந்தோறும் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறைகிறது. ஆகவே சிறுவர்களுக்கு 78 டெசிபெல்லில் 20 மணி நேரமும், 81 டெசிபெல்லில் 10 மணி நேரமுமே உரியவை. நால்வருள் மூவர் தம் ஹெட்போனைக் கழற்றினால், பெருக்கியின் சுமை குறைந்து, நான்காமவருக்கு ஒலி சுமார் 3 டெசிபெல் தானாகவே உயரும் என்பதையும் நினைவிற்கொள்ளுதல் நலம்.

பின்வரும் விதிகளை ஆசிரியர் வழுவாது கடைப்பிடிக்க வேண்டும். முதலில் வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டு, பின்பே ஹெட்போனை அணிய வேண்டும். மாணவனுக்கு முன் ஆசிரியரே கேட்டுப் பார்த்தல் வேண்டும். எதிரே அமர்ந்து பேசுபவரின் குரல் அளவுக்கு ஒலி வந்தால் அதுவே போதும். அந்நிலையில் குமிழுக்கு நேரே வண்ணத்தால் ஒரு கோடிட்டு, அதற்கு மேல் திருப்பலாகாது என விதிக்க வேண்டும். வெளி இரைச்சலை வெல்ல வால்யூமை ஏற்றுவதைவிட, காதை நன்கு மூடும் ஹெட்போனைத் தேர்வது அறிவுடைமை.

கோட்டளவில் மற்ற மூவருக்கும் தெளிவாகக் கேட்டும், ஒரு பிள்ளை மட்டும் மீண்டும் மீண்டும் ஒலியைக் கூட்டச் சொன்னால், அதை அடம் என்று தள்ளிவிடாதீர்கள். முதலில் ஹெட்போனை மாற்றிப் பாருங்கள். அப்பொழுதும் அவ்வாறே எனில், அப்பிள்ளையின் செவியைப் பரிசோதிக்கச் செய்தல் வேண்டும். மும்பையில் பாந்திராவிலுள்ள அலி யாவர் ஜங் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1983 முதல் இப்பணியில் ஈடுபட்டுள்ளது. மற்ற ஊர்களில் அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவை நாடலாம். நாம் அமைக்கும் பெருக்கி செவித்துணைக் கருவி ஆகாது. எந்தச் சுருதியில் எவ்வளவு செவித்திறன் குறைந்துள்ளது என்று அளந்து, அதற்கேற்ப அமைக்கப்படுவதே செவித்துணைக் கருவி.

மின்சாரத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. செலவைக் குறைக்கக் கருதி, சுவர் மின்சாரத்திலிருந்து மலிவான அடாப்டரைக்கொண்டு இப்பெருக்கியை இயக்கலாகாது. அடாப்டரின் உட்காப்பு பழுதுபடுமாயின், 230 வோல்ட் ஹெட்போன் கம்பி வழியே தலைவரை வந்து சேரக்கூடும். அதே காரணத்தால், பாடம் நடக்கும்பொழுது செல்போனையும் சார்ஜரில் இணைத்து வைக்க வேண்டாம். நல்ல ஆல்கலைன் செல்கள் சுமார் 2000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையவை. 45 மில்லி ஆம்பியரில் அவை ஏறத்தாழ 40 மணி நேரம் உழைக்கும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் எனின் எட்டுப் பள்ளி வாரங்களுக்குப் போதும். மீள்மின்னேற்றும் நிக்கல் செல்கள் ஆறு வைத்தால் 7.2 வோல்ட் வரும். மேலே கூறிய அளவுகள் சற்றுக் குறையுமேயன்றிப் பெருக்கி வேலை செய்யும்.

பராமரிப்பு

கழிமுகத்தை அடுத்த விக்ரோலி போன்ற இடங்களில் காற்றில் உப்பும் ஈரமும் மிகுதி. மழைக்காலத்தில் செல் கூட்டின் வில்கம்பிகளில் பச்சை பூப்பதையும், சாக்கெட்டுகளில் தொடர்பு விட்டு விட்டு வருவதையும் காணலாம். நாகை, தூத்துக்குடி, இராமேசுவரம் முதலிய கடற்கரை ஊர்களின் ஆசிரியர்களுக்கும் இது பழகிய தொல்லையே. பற்றவைத்து முடித்த பலகையின் செப்புப் பக்கத்தைச் சுத்தம் செய்து, மின்காப்பு வார்னிஷை மெல்லியதாகப் பூசுக. சாக்கெட்டின் உள்ளும் வால்யூம் கண்ட்ரோலின் உள்ளும் அது செல்லலாகாது. நீண்ட விடுமுறையில் செல்களைக் கழற்றிவிடுக. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடிய டப்பாவில் பெருக்கியை வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். பற்றவைக்கும் ஈயம் நஞ்சு. ஆதலால் வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். சிறு பிள்ளைகளைப் பற்றவைப்பில் ஈடுபடுத்தாது, அளத்தலிலும் கணக்கிடுதலிலும் ஈடுபடுத்துக.

வகுப்பறைப் பயிற்சிகள்

1. 220 ஓமுக்குப் பதிலாக 270 ஓம் வைத்தால் முதல் டிரான்சிஸ்டரின் ஏற்பானில் எவ்வளவு வோல்ட் நிற்கும்? முதலில் கணக்கிட்டு, பின்னர் அளந்து ஒப்பிடுக.
2. செல்கள் தேயத் தேய, பி.டி.139இன் உமிழ்ப்பான் அழுத்தத்தை வாரந்தோறும் குறித்து வரைபடம் வரைக. எந்த அளவில் ஒலி கரகரக்கத் தொடங்குகிறது?
3. சிறுவர் ஒருவர் 84 டெசிபெல் அளவில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கேட்கலாம்? மேற்கூறிய விதியைக்கொண்டு விடை காண்க.

மூன்றாவது வினாவின் விடை ஐந்து மணி நேரம். இவ்விடையை மாணவர்கள் தாமே கண்டறிந்த பின், தத்தம் வீட்டில் நாள்தோறும் எத்தனை மணி நேரம் எவ்வளவு உரக்க ஹெட்போனில் கேட்கிறார்கள் என்று எழுதிவரச் செய்யலாம்.